அதே அளவீடுதானா? குவாண்டம் சூழல்சார்பை ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி

அளப்பது என்றால் ஏற்கனவே இருக்கும் ஒன்றைத் தெரிந்துகொள்வது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒரு கல்லின் எடையை அதன் நீளத்தோடு சேர்த்து அளந்தாலும் சரி, நிறத்தோடு சேர்த்துக் குறித்தாலும் சரி, எடை மாறப்போவதில்லை. குவாண்டம் இயற்பியல் கைவைப்பது இந்த நம்பிக்கையில்தான். ஒரு அளவீட்டின் விடை முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது, கூடவே வேறு எதை அளந்தாலும் அந்த விடை மாறாது என்று வைத்துக்கொண்டால் கணக்கே உதைக்கிறது. இந்தப் பண்பைச் சூழல்சார்பு என்கிறார்கள். ஓர் அளவீட்டோடு சேர்த்துச் செய்யப்படும் மற்ற அளவீடுகளே அதன் சூழல்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘அளந்தால் துகள் கலைந்துவிடும், அதனால் விடை மாறுகிறது’ என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. சூழல்சார்பில் பேசப்படுவது இணக்கமான அளவீடுகளைப் பற்றி மட்டும். முதலில் ஒன்றை அளக்கிறோம், அப்புறம் இன்னொன்றை, மறுபடி முதலாவதை. முதல் விடையே திரும்ப வருகிறது. அப்படிப்பட்ட இரண்டும் இணக்கமானவை. ஒன்று மற்றதைக் கலைப்பதில்லை. ஒரு அளவீட்டைத் தனியாக எடுத்து அதன் சராசரியைப் பார்த்தால், எந்தச் சூழலில் செய்தாலும் துளி வித்தியாசம் தெரியாது. விடைகளைச் சேர்த்து வைத்து ஒப்பிடும்போதுதான் சிக்கல் வெளியே வருகிறது.

இந்தச் சிந்தனை சூரிச்சில் தொடங்கியது. கணிதத் தருக்கவியலாளர் ஏர்ன்ஸ்ட் ஸ்பெக்கர் 1960-ல் இதை எழுப்பினார். இயற்பியலாளர் ஜான் பெல் தன் வழியில் அதே முடிவுக்கு வந்து 1966-ல் வெளியிட்டார். 1967-ல் சைமன் கோச்சனும் ஸ்பெக்கரும் சேர்ந்து முழு நிரூபணத்தைத் தந்தார்கள். ஸ்பின் என்பது சுழற்சியை ஒத்த ஒரு குவாண்டம் பண்பு. ஸ்பின் 1 கொண்ட துகளை எடுத்துக்கொண்டால், ஒன்றுக்கொன்று செங்குத்தான எந்த மூன்று திசைகளிலும் ஸ்பின்னின் வர்க்கத்தை அளக்கலாம். இரண்டு திசைகளில் 1 வரும், ஒன்றில் 0 வரும். எல்லாத் திசைகளுக்கும் முன்கூட்டியே 1 அல்லது 0 எழுதி வைத்துவிட முடியுமா? முடியாது என்று காட்ட அவர்களுக்கு 117 திசைகள் தேவைப்பட்டன. பின்னால் வந்தவர்கள் இதை 33, 31 என்று குறைத்தார்கள். நான்கு பரிமாணத்தில் 18 திசைகளே போதும் என்று 1996-ல் ஆடான் கபேயோவும் சகாக்களும் காட்டினார்கள்.

117 திசைகளை மனதில் வைத்துப் பார்க்க யாராலும் முடியாது. 1990-ஐ ஒட்டி ஆஷர் பெரஸும் டேவிட் மெர்மினும் கொண்டுவந்த ஒன்பது கட்டங்கள் அப்படியில்லை. ஒரு காகிதம் இருந்தால் போதும்.

மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் +1 அல்லது −1 எழுத வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் உள்ள மூன்று எண்களைப் பெருக்கினால் +1 வர வேண்டும். முதல் இரண்டு நிரல்களிலும் +1. மூன்றாவது நிரலில் மட்டும் −1. எழுதிப் பாருங்கள், நடக்காது. காரணம் எளிது. மூன்று வரிசைகளின் பெருக்கற்பலன்களையும் பெருக்கினால் ஒன்பது எண்களையும் பெருக்கியதாக ஆகிறது, அது +1. நிரல்கள் வழியாகப் போனாலும் அதே ஒன்பது எண்கள்தான், ஆனால் அங்கே −1 வருகிறது. ஒரே பெருக்கல் இரண்டு விடை தர முடியாது.

இப்போது அந்தக் கட்டங்களில் எண்களுக்குப் பதில் அளவீடுகளை வையுங்கள். இரண்டு துகள்கள் இருக்கின்றன, எந்தத் திசையில் ஸ்பின்னை அளந்தாலும் +1 அல்லது −1 தரும் வகை. முதல் வரிசையில், முதல் துகளின் செங்குத்து ஸ்பின், இரண்டாம் துகளின் செங்குத்து ஸ்பின், இந்த இரண்டின் பெருக்கற்பலன். இரண்டாம் வரிசையில், இரண்டாம் துகளின் கிடைமட்ட ஸ்பின், முதல் துகளின் கிடைமட்ட ஸ்பின், இவற்றின் பெருக்கற்பலன். மூன்றாம் வரிசையில், முதலாவதின் செங்குத்தும் இரண்டாவதின் கிடைமட்டமும் பெருகியது, முதலாவதின் கிடைமட்டமும் இரண்டாவதின் செங்குத்தும் பெருகியது, கடைசியாக இரண்டுக்கும் மூன்றாவது அச்சுத் திசையில் உள்ள ஸ்பின்களின் பெருக்கற்பலன். ஒரே வரிசையில் அல்லது ஒரே நிரலில் இருக்கும் மூன்றும் இணக்கமானவை. குவாண்டம் கணக்குப்படி வரிசைகள் எல்லாம் +1, முதல் இரண்டு நிரல்கள் +1, மூன்றாவது நிரல் −1. காகிதத்தில் எழுத முடியாத அதே கட்டம்! துகள்கள் எந்த நிலையில் இருந்தாலும் இதுதான் விடை. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பே ஒரு விடை எழுதியிருந்தது என்ற எண்ணம் இங்கே உடைகிறது. ஒவ்வொரு கட்டமும் இரண்டு சூழல்களில், அதாவது ஒரு வரிசையிலும் ஒரு நிரலிலும், நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி முழுக்க அதைச் சுற்றித்தான்.

காகிதத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும், 1967-க்குப் பிறகு நேரடியான சோதனைகள் வர முப்பது வருடத்துக்கும் மேல் பிடித்தது. இதைச் சோதிக்க முடியுமா என்பதிலேயே தகராறு இருந்தது. 1999-ல் டேவிட் மேயர் ஓர் ஆட்சேபத்தை வைத்தார். ஆதரவாக ஏட்ரியன் கென்ட்டும் ராப் கிளிஃப்டனும் வந்தார்கள். விகிதமுறு எண்களால் குறிக்கப்படும் திசைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றுக்கு 1, 0 என்று விடைகளை ஒழுங்காக எழுதிவிட முடியும். அப்படிப்பட்ட திசைகள் எல்லா இடத்திலும் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. எந்தக் கருவியும் ஒரு திசையை எல்லையற்ற துல்லியத்தோடு காட்டாது. அப்படியிருக்க, நாம் உண்மையில் அளந்தது கோச்சன்-ஸ்பெக்கர் திசையா, அதற்கு ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துத் திசையா என்று எப்படிச் சொல்வது?

இந்த ஆட்சேபத்தை வெறும் கணித வித்தை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசையில் வைத்து அளந்ததும் நிரலில் வைத்து அளந்ததும் அதே அளவீடுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அது கேட்கிறது. அந்த இரண்டும் வேறு வேறு அளவீடுகளாக இருந்தால் விடைகள் மாறுவதில் அதிசயமே இல்லை. அதன் பிறகு வந்த நல்ல சோதனைகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விதத்தில் பதில் சொல்லப் பார்த்தவைதான்.

முதல் படி, ‘முடியும், முடியாது’ என்ற கறாரான தருக்கத்தைப் புள்ளியியலுக்கு மாற்றுவது. ஒன்பது கட்டங்களுக்கு அதைச் சுத்தமாகச் செய்தது 2008-ல் கபேயோ எழுதிய அசமன்பாடு. மூன்று வரிசைகள், முதல் இரண்டு நிரல்கள் ஆகியவற்றின் சராசரிப் பெருக்கற்பலன்களைக் கூட்டி, மூன்றாவது நிரலுடையதைக் கழிக்க வேண்டும். விடைகள் சூழல் சாராமல் முன்பே எழுதியிருந்தால் ஆறில் ஒன்றாவது தவறும், கூட்டுத்தொகை 4-ஐத் தாண்டாது. குவாண்டம் சொல்வது 6. இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது. கருவி கொஞ்சம் பிசகினாலும் தாங்கும்.

அடுத்த வருடமே ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் அது செய்யப்பட்டது. ரைனர் பிளாட்டின் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் கிர்ஷ்மாயர், கிறிஸ்டியன் ரோஸ் முதலியோர், மின்புலப் பொறியில் மிதக்கும் இரண்டு கால்சியம்-40 அயனிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு அயனியின் அடிநிலையும், ஏறக்குறைய 1 நொடி தாங்கும் ஒரு கிளர்நிலையும் ஸ்பின்னின் இரண்டு விடைகளாக வேலை செய்தன. 729 நானோமீட்டர் சிவப்பு லேசர் இவற்றுக்கு இடையே அயனியைத் திருப்பும். 397 நானோமீட்டர் ஒளியை அடித்தால், அடிநிலையில் இருக்கும் அயனி பளிச்சென்று ஒளிரும். கிளர்நிலையில் இருப்பது இருட்டாகவே இருக்கும்.

ஒரு அயனியின் ஸ்பின்னை அளப்பது இவர்களுக்குச் சுலபம். கடினமானது பெருக்கற்பலன்தான். ‘இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவா, வேறா’ என்று மட்டும் கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாக என்ன என்று தெரிந்துவிடக் கூடாது. தெரிந்துவிட்டால் அது வேறு அளவீடு ஆகிவிடும், கட்டத்தின் அடுத்த அளவீட்டையும் கெடுத்துவிடும். அதனால் முதலில் இரண்டு அயனிகளையும் பின்னலாக்கும், அதாவது தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பிணைக்கும், லேசர் துடிப்புகளால், அந்த ‘ஒன்றா வேறா’ என்ற தகவலை ஒரே அயனிக்குக் கடத்தினார்கள். மற்ற அயனியை, ஒளிரவைக்கும் லேசருக்கு எட்டாத ஆற்றல் மட்டங்களில் ஒளித்து வைத்தார்கள். தகவல் ஏறிய அயனியை மட்டும் படித்தார்கள். பிறகு செய்ததை எல்லாம் தலைகீழாகச் செய்து பழையபடி கொண்டுவந்து, அடுத்த அளவீட்டுக்குப் போனார்கள். ஒரு சூழலுக்கு இப்படி அடுத்தடுத்து மூன்று அளவீடுகள். கிடைத்த விடை 5.46, பிழை வரம்பு 0.04. அயனிகளைப் பல விதமான தொடக்க நிலைகளில் வைத்துப் பார்த்தும் 4 என்ற வரம்பு மீறப்பட்டது. 6-ஐ எட்டாததற்குக் காரணம், அந்தப் பின்னல் துடிப்புகளில் ஒவ்வொன்றிலும் சேரும் சின்னச் சின்னப் பிழைகள். அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் தனி ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) பாதையையும் தளவிளைவையும் (ஒளி அதிரும் திசையையும்) வைத்து இதே கட்டத்தைச் சோதித்த குழுவுக்கும் ஏறக்குறைய 5.46-தான் கிடைத்தது. அதற்கும் முன்பே ஃபோட்டான்களிலும் நியூட்ரான்களிலும் சோதனைகள் நடந்திருந்தன. ஆனால் துகளின் நிலை எதுவாக இருந்தாலும் வரம்பு மீறப்படுகிறது என்று நேரடியாகக் காட்டியவை 2009-ன் இந்தச் சோதனைகள்.

நான் மிகவும் ரசிக்கும் சோதனை வியன்னாவில் நடந்தது. ஆன்டன் சைலிங்கரின் குழுவைச் சேர்ந்த ராடெக் லாப்கீவிச் முதலியோர் அதை 2011-ல் வெளியிட்டார்கள். அங்கே இரண்டு துகள்கள் இல்லை, பின்னலும் இல்லை. மூன்று பாதைகளில் போகக்கூடிய ஒரே ஃபோட்டான், அவ்வளவுதான். அவர்கள் சோதித்தது, 2008-ல் கிளியாச்கோவும் மூன்று சகாக்களும் எழுதிய ஐங்கோண அசமன்பாடு. ஐந்து அளவீடுகளை வட்டமாக வையுங்கள். அடுத்தடுத்து இருப்பவை மட்டும் இணக்கமானவை. ஒவ்வொன்றுக்கும் +1 அல்லது −1 விடை. அடுத்தடுத்த ஜோடிகளின் பெருக்கற்பலன்களைக் கூட்டினால் எவ்வளவு கீழே போகலாம்? ஐந்து என்பது ஒற்றைப்படை. +1, −1 என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே வந்தால் எங்காவது ஓரிடத்தில் ஒன்றுபோன்ற இரண்டு பக்கத்தில் வந்தே தீரும். அதனால் −3-க்குக் கீழே போக முடியாது. குவாண்டம் கணக்கோ 5 − 4√5 வரை, அதாவது ஏறக்குறைய −3.944 வரை போகலாம் என்கிறது.

இதில் ‘அதே அளவீடுதானா’ என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த பதில் கண்ணால் பார்க்கக்கூடியது. மூன்று பாதைகளில் ஒரு பாதையையும் அதன் கடைசியில் நிற்கும் உணரியையும் தொடவே இல்லை. மீதி இரண்டு பாதைகளை மட்டும் ஒன்றோடொன்று கலந்து புதுத் திசைக்குத் திருப்பினார்கள். தொடாத பாதையில் நிற்கும் உணரி முந்தைய சூழலில் என்ன கேட்டதோ அதையேதான் அடுத்த சூழலிலும் கேட்கிறது. அது அசையவே இல்லையே! அடுத்த படியில் வேறொரு பாதையைத் தொடாமல் விட்டு மற்ற இரண்டையும் திருப்பினார்கள். இப்படி ஒவ்வொரு அளவீடும் அடுத்த சூழலுக்குக் கைமாறியது.

ஆனால் வட்டத்தை மூடும் இடத்தில் ஒரு பிரச்சினை. ஐந்தாவது அளவீட்டுக்குப் பிறகு மறுபடி முதலாவது வர வேண்டும். கிடைத்தது முதலாவதைப் போன்ற இன்னொரு அளவீடு. கருவியின் வேறு ஒரு நிலையில், வேறு வழியாக வந்தது. அது முதலாவதேதான் என்று அவர்கள் சாதிக்கவில்லை. அந்த இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையும் தனியாக அளந்து, அந்தக் குறையை அசமன்பாட்டிலேயே சேர்த்தார்கள். வரம்பு −3-லிருந்து −3.081-க்கு இறங்கியது. கிடைத்த விடை −3.893. தங்களுக்குப் பாதகமாக வரம்பை நகர்த்திய பிறகும், அளவீட்டுப் பிழையைப் போல நூறு மடங்குக்கும் மேல் மீறல் இருந்தது. ஒரு சோதனையின் நேர்மை இதில்தான் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

ஃபோட்டான் சோதனைகளில் ஒரு குறை ஒட்டிக்கொண்டே வந்தது. அனுப்பிய ஃபோட்டான்களில் பல உணரியை எட்டாமலே போய்விடும். எட்டியவை மொத்தத்துக்கும் நியாயமான மாதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதுதான் உணரி ஓட்டை. அயனிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஒவ்வொரு முறையும் ஒளிரும் அல்லது ஒளிராது. ஆனால் அங்கே அளவீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, அதே அயனிகள் மேல் நடக்கின்றன. முதல் அளவீட்டின் லேசர் துடிப்பு இரண்டாவதைக் கொஞ்சமாவது கலைத்திருந்தால்? இணக்கம் முழுமையாக இல்லாதபோது, சூழல்சார்பு இல்லாத மாதிரி ஒன்றே அந்தக் கலைப்பைப் பயன்படுத்தி வரம்பைத் தாண்டிவிடலாம். இதை இணக்க ஓட்டை என்று சொல்வதுண்டு. ஒட்ஃப்ரீட் கூனேவும் இன்ஸ்புரூக் குழுவினரும் 2010-ல், இந்தக் கலைப்பையே அளந்து அசமன்பாட்டில் சேர்ப்பது எப்படி என்று விரிவாக எழுதினார்கள்.

பிரித்து வைத்த இரண்டு துகள்களின் விடைகளை ஒப்பிடும் பெல் சோதனைகளோடு (அதே ஜான் பெல்தான்) ஒப்பிட்டால் இந்த ஓட்டையின் தன்மை புரியும். கணிதமாகப் பார்த்தால் பெல் அசமன்பாடும் சூழல்சார்பின் ஒரு தனி வகைதான். அங்கே இரண்டு துகள்களையும் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிடலாம். ஒரு பக்கம் நடப்பது ஒளி வேகத்தில் போனாலும் மறுபக்கத்துக்கு நேரத்தில் எட்டாது. கலைக்கவில்லை என்பதற்குச் சார்பியலே சாட்சி. ஓட்டைகளை ஒன்றாக அடைத்த பெல் சோதனைகள் 2015-ல் வந்துவிட்டன. ஒரே துகளில் நடக்கும் சோதனைக்கு அந்தத் தூரத்தின் துணை இல்லை.

தூரம் இல்லாத இடத்தில் என்ன செய்யலாம்? சூரிச்சின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஹோமின் குழு ஒரே ஒரு கால்சியம் அயனியின் மூன்று மட்டங்களை எடுத்துக்கொண்டு, 13 அளவீடுகள் கொண்ட ஒரு தொகுப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே போனது. முடிவுகள் 2018-ல் வெளிவந்தன. மொத்தம் 5.3 கோடி அளவீடுகள். அயனியை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயார் செய்யவில்லை. முந்தைய அளவீடு விட்டுப்போன நிலையே அடுத்ததன் தொடக்கம். அடுத்து எதை அளப்பது என்பதை ஒரு குவாண்டம் சீரற்ற எண் கருவி முடிவு செய்தது. இவ்வளவு நீளமான தொடரில் ஒரு நன்மை உண்டு. ஒரே அளவீட்டைத் திரும்பச் செய்தால் விடை எத்தனை முறை மாறுகிறது, முந்தைய அளவீடு அடுத்ததன் சராசரியை எவ்வளவு நகர்த்துகிறது என்பதையெல்லாம் அதே தரவிலிருந்தே எடுத்துவிடலாம்.

பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2022-ல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒரே பொறியில் இரண்டு அயனிகள், ஆனால் இரண்டு வெவ்வேறு தனிமங்கள்: இட்டெர்பியம்-171, பேரியம்-138. ஒன்றை இயக்கும் லேசர் மற்றதன் நிறத்துக்குப் பொருந்தாது. வெளிவிடும் ஒளியின் அலைநீளமும் வேறு, அதைப் பிடிக்கும் உணரியும் வேறு. அதனால் ஒன்றை அளப்பது மற்றதைக் கலைக்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் விடை கிடைத்தது, திரும்ப அளந்தால் 98 சதவீதத்துக்கு மேல் அதே விடை வந்தது. உணரி ஓட்டை, இணக்க ஓட்டை, அளவீட்டின் கூர்மை (திரும்ப அளந்தால் அதே விடை வருமா என்பது) பற்றிய ஓட்டை ஆகிய மூன்றையும் ஒன்றாக அடைத்துவிட்டோம் என்று அந்தக் குழு அறிவித்தது. நல்ல வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அளவீடுகளை இரண்டு அயனிகளுக்குப் பிரித்துக் கொடுத்ததால்தான் அது சாத்தியமானது. வியன்னாவின் அந்த ஒற்றை ஃபோட்டானைப் போலப் பிரிக்கவே முடியாத ஒரு அமைப்புக்கு இந்த வழியைக் கடன் வாங்க முடியாது.

வேறு சிலர் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். ராபர்ட் ஸ்பெக்கன்ஸ் 2005-ல் முன்வைத்த அணுகுமுறையில், இரண்டு அளவீடுகள் ஒன்றேதான் என்று சொல்ல ஒரே ஒரு அளவுகோல்தான்: எந்த நிலையைக் கொடுத்தாலும் இரண்டும் ஒரே புள்ளிவிவரத்தைத் தர வேண்டும். நிஜக் கருவிகளில் இது துல்லியமாக ஒருபோதும் அமையாது. கனடாவின் வாட்டர்லூவில் 2016-ல் நடந்த சோதனை இதற்கு ஒரு வழி கண்டது. நிஜமாகச் செய்த அளவீடுகளின் தரவைத் தகுந்த விகிதங்களில் கலந்து, அந்த நிபந்தனையைத் துல்லியமாக நிறைவேற்றும் அளவீடுகளைக் கணக்கிலேயே உருவாக்கினார்கள். இலட்சியக் கருவி இருப்பதாகப் பாவனை செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மேயர் எழுப்பிய ஆட்சேபத்துக்கு இதுவரை வந்தவற்றில் இதுதான் நேரான பதில் என்பது என் கருத்து.

இந்தச் சோதனைகளை வைத்துக்கொண்டு ‘பார்க்காத வரைக்கும் உலகமே இல்லை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. சோதனைகள் அப்படி எதையும் சொல்லவில்லை. மறைமாறிகளே, அதாவது விடையைத் தீர்மானிக்கும் ஒளிந்த அளவுகளே, கிடையாது என்றுகூட அவை சொல்லவில்லை. டேவிட் போமின் கோட்பாட்டில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆனால் ஸ்பின் அளவீட்டின் விடை, கருவி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே தீர்மானமாகிறது. அது சூழல்சார்புள்ள கோட்பாடு, அதனால் இந்தச் சோதனைகள் எதுவும் அதைத் தொடுவதில்லை. சோதனைகள் கழித்துக்கட்டியது ஒன்றைத்தான்: முன்பே எழுதியிருந்து, சூழலைப் பொருட்படுத்தாத விடைகள்.

இதே பண்பு இப்போது கணினிக்காரர்களின் கைக்கும் போயிருக்கிறது. பிழைதாங்கும் குவாண்டம் கணினியின் ஒரு முக்கியத் திட்டத்தில், சாதாரணக் கணினியாலேயே போலச் செய்துவிடக்கூடிய செயல்களோடு சில தனி நிலைகளையும் ஊட்ட வேண்டும். அப்போதுதான் முழுத்திறன் வரும். அந்த நிலைகள் பயன்பட வேண்டுமானால் அவற்றில் சூழல்சார்பு இருந்தே ஆக வேண்டும் என்று மார்க் ஹோவர்டும் சகாக்களும் 2014-ல் காட்டினார்கள். ஆனால் அவர்களுடைய நிரூபணம், மட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கும் துகள்களுக்குத்தான் சுத்தமாகப் பொருந்துகிறது. இரண்டு மட்டங்கள் கொண்ட சாதாரண க்யூபிட்டில் கதை சிக்கலாகிறது. அதற்குக் காரணமே அந்த ஒன்பது கட்டங்கள்தான். க்யூபிட்களில் அந்தச் சாதாரணச் செயல்களே சூழல்சார்பைக் காட்டிவிடுகின்றன. எந்த நிலையைக் கொடுத்தாலும் கட்டம் உடைகிறது. அதனால் எது தனிச் சரக்கு, எது சாதாரணம் என்று பிரித்துக் காட்டச் சூழல்சார்பு மட்டும் அங்கே போதவில்லை.